புறக்கோட்டை மாடியில் ஒரு திருத்த மேசை: லேசர் ட்ரைவர் வேலைக்கு நம்பிப் போகலாமா?

வீட்டில் செய்த லேசர் சுட்டியின் ட்ரைவர் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சிறு சுற்றுப்பலகை) பழுதானால் கொழும்பில் அதைத் திருத்திக் கொடுக்க ஆளில்லை, புதிது வரவழைப்பதே வழி என்ற பேச்சு இந்த வேலையில் கைவைத்திருப்பவர்களிடையே நெடுநாளாக இருக்கிறது. கைத்தொலைபேசித் திரை மாற்றுபவர்களுக்கும் மடிக்கணினியின் தாய்ப்பலகையைச் சூடாக்கிப் பார்ப்பவர்களுக்கும் இங்கே குறைவில்லை. ஆனால் விரல் நகத்தின் அளவே உள்ள ஒரு ட்ரைவர் பலகையை வாங்கி, பழுது எங்கே என்று அளந்து சொல்லி, கெட்ட பாகத்தை மட்டும் எடுத்துவிட்டு வேறொன்றை வைத்துத் தருபவரைத் தேடிப்பிடிப்பது சிரமம். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில், ஒரு மாடியறையில், அப்படி ஒருவர் வேலை செய்கிறார். அவரிடம் கொடுத்துத் திருத்திய அனுபவத்தையும், பக்கத்தில் நின்று பார்த்த வேலையின் தரத்தையும், எனக்கு ஒவ்வாத சிலவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கமிருந்து வருபவர்களுக்குக் கரையோர ரயிலில் கோட்டை நிலையத்தில் இறங்கி, ஒல்கொட் மாவத்தையைக் கடந்து நடப்பதே இலகு. வாகனத்தில் வந்தால் நிறுத்த இடம் தேடுவதிலேயே காலைப்பொழுது போய்விடும். கைத்தொலைபேசி உறைகளும் சார்ஜர்களும் தொங்கும் கடைகளுக்கு நடுவே ஒடுங்கிய மரப்படி ஒன்று மேலே போகிறது. கீழே உள்ள கடைக்காரர்களிடம் லேசர் வேலை செய்யும் நானா, அதாவது அண்ணன், எங்கே என்று கேட்டால் கையைக் காட்டிவிடுவார்கள். வானொலியும் கசற் ரெக்கோடரும் திருத்தி இந்தத் தொழிலுக்கு வந்தவர். விளம்பரத்தை விரும்பாதவர் என்பதால் பெயரை நானும் எழுதவில்லை.

வேலையின் தரத்தைப் புரிந்துகொள்ள ட்ரைவர் என்ன செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். சுட்டியில் கதிரை உண்டாக்கும் பாகமான லேசர் டயோடின் முனைகளுக்கிடையிலான வோல்ற்றளவு சிறிதளவு கூடினாலே அதனூடாகப் பாயும் மின்னோட்டம் பெருமளவு கூடிவிடும். ஆகவே பற்றரியை நேரே கொடுக்காமல், மின்னோட்டத்தை ஒரே அளவில் பிடித்து வைத்திருக்கும் சிறு சுற்று ஒன்று இடையில் தேவைப்படுகிறது. மின்னோட்டம் ஒரு குறித்த வாசல் அளவுக்குக் கீழே நிற்கும்போது டயோட் வெறும் எல்ஈடி விளக்கைப் போல மங்கலாக எரியும். வாசலைத் தாண்டியதும் கதிர் பிறக்கும். தாங்கக்கூடிய உச்சத்தைத் தாண்டினால், ஒளி வெளியேறும் குறைகடத்திப் பளிங்கின் முகப்பு அந்த ஒளியாலேயே கருகிப்போகும். இந்தக் கருகல் ஒரு மைக்ரோசெக்கனுக்கும் குறைவான நேரத்தில் நடந்து முடிந்துவிடக்கூடியது என்பதால் உருகி (பியூஸ்) வைத்துக் காப்பாற்றுவது நடவாத காரியம். கருகிய டயோடும் சிறிது சிவக்கத்தான் செய்யும். ஆனால் கதிர் வராது. மின்னோட்டம் போதாத நல்ல டயோடும் பார்வைக்கு ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். வாடிக்கையாளர் ஏமாறுவதும் திருத்துபவர் தவறுவதும் இந்த இடத்தில்தான்.

நான் கொண்டுபோனது பழைய டிவிடி ரைட்டரில் இருந்து கழற்றிய 650 நனோமீற்றர் சிவப்பு டயோட் பொருத்திய அலுமினியக் குழாய்ச் சுட்டி. உள்ளே எல்எம்317 சிப்பை வைத்துச் செய்த எளிய ட்ரைவர், இரண்டு லித்தியம் பற்றரிகள், ஒரு அழுத்து ஆளி, அவ்வளவுதான். நன்றாக வேலை செய்துகொண்டிருந்த சுட்டி சில வாரங்களாகவே மங்கி வந்தது. பற்றரியை முழுதாகச் சார்ஜ் செய்து போட்டாலும் மாற்றமில்லை. முதலில் காட்டிய இடத்தில், அது எந்த இடம் என்பது இங்கே வேண்டாம், குழாயைக் கழற்றி ஒரு கணம் எரித்துப் பார்த்துவிட்டு டயோட் முடிந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்றார்கள். மல்டிமீற்றரைக் கையில் எடுக்கவேயில்லை. டயோட் திருத்தக்கூடிய பொருளல்ல; அதை மாற்றத்தான் வேண்டும் என்றால் அதன் விலைதான் திருத்தச் செலவின் பெரும்பகுதி. அளக்காமல் அந்தத் தீர்ப்பைச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

நானா முதலில் செய்த காரியம் டயோடின் பாதுகாப்பு. ஒரு வயரின் பிளாஸ்டிக்கை உரித்து, உள்ளிருந்து தலைமயிரளவு செம்பு இழை ஒன்றை உருவினார். அதை டயோடின் மூன்று கால்களையும் சேர்த்து இரண்டு சுற்றுச் சுற்றி முறுக்கினார். மூன்று கால்களும் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கும்வரை, கையில் உள்ள நிலைமின்னோ சோல்டரிங் அயனின் முனையில் கசியும் மின்னோ டயோடின் உள்ளே புகுந்து கெடுக்க முடியாது. அதன் பிறகுதான் ட்ரைவரில் இருந்து வந்த இரண்டு வயர்களையும் ஈயத்தை உருக்கிக் கழற்றினார். டயோடைத் தனியே ஒரு தகர மூடியில் வைத்துவிட்டு, அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. மிச்ச நேரமெல்லாம் ட்ரைவரோடுதான்.

டயோடுக்குப் பதிலாக ட்ரைவரில் பொருத்தி அளப்பதற்கு அவரிடம் ஒரு போலிச் சுமை இருக்கிறது. துளைப்பலகைத் துண்டு ஒன்றில் 1என்4007 டயோட்கள் நான்கைத் தொடராகப் பற்றவைத்து, கடைசியில் 1 ஓம் தடையி ஒன்றைச் சேர்த்திருக்கிறார். சாதாரண டயோட்கள் நான்கு சேர்ந்தால் ஒரு சிவப்பு லேசர் டயோட் எடுக்கும் வோல்ற்றளவுக்கு ஓரளவு கிட்டிய அளவை எடுத்துக்கொள்ளும்; 1 ஓம் தடையியின் இரு முனைகளிலும் மல்டிமீற்றரை வைத்தால், அது எத்தனை மில்லிவோல்ற்று காட்டுகிறதோ அத்தனை மில்லி அம்பியர் ஓடுகிறது என்று பொருள். ஓமின் விதியைப் பாடசாலையில் படித்தவர்கள் எல்லோரும் இதைச் செய்யலாம், செய்பவர்கள்தான் குறைவு. நீலம், ஊதா டயோட்களுக்கு வோல்ற்றளவு அதிகம் என்பதால் ஆறு டயோட் உள்ள இன்னொரு சுமையும் ஆணியில் தொங்குகிறது. ட்ரைவரைப் போலிச் சுமையில் பொருத்திப் பற்றரியைக் கொடுத்ததும் மல்டிமீற்றர் 167 என்று காட்டியது. அந்தச் சுற்று 250 தர வேண்டியது.

“டயோட் மௌத்தாகல்ல தம்பி, பயப்பட வாணாம். கறன்ட்தான் வரல்ல” என்றார்.

167 என்ற எண்ணைக் கண்டதுமே பழுது எங்கே என்பதை அவர் ஊகித்துவிட்டார் என்று நினைக்கிறேன். எல்எம்317 சிப் தன் வெளியீட்டு முனைக்கும் சரிப்படுத்து முனைக்கும் இடையே 1.25 வோல்ற்றைப் பிடித்து வைத்திருக்கும். அந்த இரண்டு முனைகளுக்கும் இடையே ஒரு தடையியை வைத்தால், 1.25ஐ அந்தத் தடையின் ஓம் அளவால் வகுத்து வருவது மின்னோட்டம். என் பலகையில் அந்த இடத்தில் 15 ஓம் தடையிகள் மூன்று சமாந்தரமாக இருந்தன. மூன்றும் சேர்ந்தால் 5 ஓம், அதாவது 250 மில்லி அம்பியர். மூன்றில் ஒன்று துண்டிக்கப்பட்டால் மிச்சம் இரண்டும் சேர்ந்து 7.5 ஓம், அதாவது 167. பழுது எந்த இடத்தில் என்பதை எண்ணே சொல்லிவிட்டது. இனிப் பார்க்க வேண்டியது மூன்றில் எது என்பதை மட்டும்.

பலகையை இரு கண் நுணுக்குக்காட்டியின் கீழே வைத்து என்னையும் பார்க்கச் சொன்னார். வெறுங்கண்ணுக்குக் கறுப்புப் புள்ளியாகத் தெரிந்த தடையிகள், 2 மில்லிமீற்றர் நீளமும் 1.25 மில்லிமீற்றர் அகலமும் உள்ளவை, அங்கே 150 என்ற எழுத்தோடு செங்கல் அளவில் தெரிந்தன. முன் அனுபவம் இல்லாதவர்கள் அந்த எண்ணை 150 ஓம் என்று வாசித்துவிடுவார்கள். முதல் இரண்டு இலக்கமும் எண், மூன்றாவது எத்தனை பூச்சியம் என்பது, ஆகவே அது 15 ஓம். நடுவில் இருந்த தடையியின் ஒரு முனையில் ஈயம் மங்கிச் சாம்பல் நிறமாகி, தடையியின் உலோக விளிம்பைச் சுற்றி மெல்லிய விரிசல் ஒன்று ஓடியிருந்தது. சாமணத்தின் நுனியால் தடையியை லேசாக அழுத்தியபோது மல்டிமீற்றர் 250க்கு ஏறியது. விட்டதும் 167க்கு இறங்கியது.

இந்தக் கட்டத்தில் அவர் சொன்ன ஒரு விளக்கம் இந்தச் சேவையின் பெறுமதியை எனக்குத் தெளிவாகக் காட்டியது. கதிர் மங்கலாக இருக்கிறது என்று வருபவர்களுக்கு, பழைய தடையிகளின் மேலே இன்னொரு 15 ஓம் தடையியை ஏற்றி மின்னோட்டத்தைக் கூட்டிக் கொடுக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அப்போதைக்கு 250 வந்துவிடும். வாடிக்கையாளரும் மகிழ்ந்து போவார். ஆனால் விரிசல் விட்ட இணைப்பு அப்படியே இருக்கிறது. சுட்டி கீழே விழுந்தோ, வெப்பத்தில் பலகை விரிந்தோ அந்த இணைப்பு மறுபடி தொட்டுவிட்டால் நான்கு தடையிகளும் சேர்ந்து 3.75 ஓம் ஆகும். மின்னோட்டம் 333க்குத் தாவும். டயோட் உண்மையாகவே முடிந்துவிடும். முதலில் காட்டிய இடத்தில் டயோடை மாற்றியிருந்தாலும் புதிய டயோட் அதே 167இல் மங்கலாகத்தான் எரிந்திருக்கும், பிறகு அடுத்த வேலை இதுவாகத்தான் இருந்திருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டியதில்லை.

விரிசலை மறுபடி உருக்கி மூடிவிட்டு அனுப்பியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொரு தடையியும் ஏறக்குறைய 0.1 வாற்று வெப்பத்தை வெளிவிடுகிறது. அந்த அளவுத் தடையிகள் வழக்கமாகத் தாங்குவது 0.125 வாற்று. கணக்குப்படி சரிதான். ஆனால் மூடிய குழாய்க்குள், பக்கத்திலேயே எல்எம்317 சிப் 1 வாற்றுக்கு மேல் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும்போது, அந்த இடைவெளி போதாது. பலகையில் இடமிருந்தபடியால் மூன்றையும் எடுத்துவிட்டு 0.25 வாற்றுத் தாங்கும் பெரிய தடையிகளை வைக்கலாம் என்றார். பழைய கைத்தொலைபேசிப் பலகையில் இருந்து உரித்தவை அல்ல, நாடாச் சுருளில் இருந்து வெட்டியெடுத்த புதியவை.

பற்றவைக்கும் முறையைப் பக்கத்தில் நின்று பார்ப்பதே ஒரு பாடம். நாமெல்லாம் சிறிய வேலைக்கு ஊசிமுனை வேண்டும் என்று நினைக்கிறோம். அவர் வைத்திருப்பது சிறிய உளி வடிவ முனை. ஊசிமுனையில் வெப்பம் போதிய அளவு கடத்தப்படாமல், ஈயம் உருகவில்லை என்று அதிக நேரம் அழுத்தி, கடைசியில் பலகையின் செம்புப் பட்டையே உரிந்துவிடும் என்பது அவர் தரும் காரணம். அயனை 330 பாகை செல்சியஸில் வைத்தார். முதலில் செப்புப் பின்னல் நாடாவால் பழைய ஈயத்தை முழுவதும் உறிஞ்சி எடுத்தார். அந்தப் பழைய பற்றாசு ஈயம் கலவாத வகையோ என்னவோ, தன்னுடைய 63/37 கம்பியோடு (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு ஈயம்) கலக்கவிடக் கூடாது என்று பட்டைகளை வெறுமையாக்கி, அற்ககோல் தோய்த்த தூரிகையால் துடைத்தார். பிறகு ஒரு பக்கப் பட்டையில் மட்டும் துளி ஈயம் வைத்து, சாமணத்தால் தடையியைப் பிடித்து, அந்தத் துளியை உருக்கி உள்ளே தள்ளி நிறுத்தினார். மறுபக்கத்தை முழுமையாகப் பற்றவைத்தார். கடைசியாக முதல் பக்கத்துக்குத் திரும்பி, ஈயம் நன்றாகப் பரவ உதவும் பிளக்ஸைச் சிறிது பூசி, மறுபடி ஒருமுறை உருக்கினார். அயன் பலகையைத் தொட்ட நேரம் ஒவ்வொரு தடவையும் ஓரிரு செக்கன்தான். ஈயம் பட்டையில் இருந்து தடையியின் விளிம்புக்கு உட்குழிந்த சரிவாக ஏறியிருந்தது. குண்டாக உருண்டு நிற்கவில்லை.

63/37 கலவையை அவர் விடாப்பிடியாகப் பயன்படுத்துவதற்குக் காரணம் உண்டு. அது 183 பாகையில் ஒரே புள்ளியில் உருகி ஒரே புள்ளியில் இறுகும். கடையில் மலிவாகக் கிடைக்கும் 60/40 கம்பியில் இடையே சில பாகைகளுக்குக் கூழ்நிலை உண்டு, அந்த நேரத்தில் கை சற்று அசைந்தாலும் இணைப்பு உள்ளுக்குள் சிதைந்துவிடும். வழக்கமான ஈயமற்ற கலவை உருக 217 பாகை அளவு வேண்டும். சுற்றாடலுக்கு அது நல்லது என்பதை மறுக்க முடியாது. ஆனால் சின்னஞ்சிறு பலகைக்கும் டயோடுக்கும் அந்த மேலதிகச் சூடு நல்லதல்ல. பற்றவைக்கும்போது எழும் புகையை இழுக்க அவருடைய மேசையில் ஒரு பழைய கணினி விசிறி மட்டும் இருக்கிறது, அது புகையை அவரிடமிருந்து எங்கள் பக்கம் தள்ளுகிறது.

திருத்தி முடிந்ததும் போலிச் சுமையில் 250ஐ ஒட்டி எண் நின்றது. அங்கேயும் அவர் நிறுத்தவில்லை. ட்ரைவரைச் சிறிது நேரம் அப்படியே ஓடவிட்டு, சூடேறியபின் எண் நகர்கிறதா என்று பார்த்தார். பிறகு பற்றரியைக் கழற்றி, ட்ரைவரின் வெளியீட்டு முனைகள் இரண்டையும் சாமணத்தால் தொடுத்துப் பிடித்தார். இந்தச் செயலைப் பலர் தெரியாமல் விடுவதால்தான் புதிய டயோட்கள் பொருத்திய கணத்திலேயே போய்விடுகின்றன. டயோட் இல்லாமல் ட்ரைவரை இயக்கினால் வெளியீட்டு வோல்ற்றளவு பற்றரியின் அளவை நெருங்கி ஏறிவிடும். அங்குள்ள கொள்ளளவி அந்த அளவுக்கு ஏற்றம் பெற்று நிற்கும். பற்றரியைக் கழற்றினாலும் அது உடனே இறங்காது. அந்த நிலையில் டயோடை வைத்தால் தேங்கி நின்றதெல்லாம் ஒரே பாய்ச்சலாக டயோடுக்குள் இறங்கும். முதலைவாய்க் கிளிப்பால் கௌவிப் பார்க்கும் பழக்கமும் இதே காரணத்தால் ஆபத்தானது. கிளிப் ஒருமுறை நழுவித் தொட்டால் போதும். ஆகவே அவர் இறக்கிய கொள்ளளவியோடு டயோடை நேரே பற்றவைத்தார், அதன் பிறகு செம்பு இழையை வெட்டி எடுத்தார், அதற்கும் பிறகுதான் பற்றரி. கதிர் பழைய பிரகாசத்தோடு வந்தது.

இந்த மேசையில் நான் பாராட்டும் இன்னொன்று, கொழும்பின் நிலைமைக்கு ஏற்ப அவர் யோசிப்பது. இங்குள்ள ஈரக்காற்றில் நிலைமின் பெரிதாகச் சேராது என்றாலும், குளிரூட்டிய அறையில் வைத்து வேலை செய்பவர்கள் அந்தத் துணிவில் இருக்கக் கூடாது என்பார். அயனின் மூன்று முள் ப்ளக்கை இரண்டு முள் மாற்றியில் செருகி நிலத்தொடுப்பை இழக்கும் வழக்கம் இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. அவர் மேசையில் நிலத்தொடுப்பு உண்மையாகவே வேலை செய்கிறதா என்று அளந்துதான் வைத்திருக்கிறார். என் சுட்டியின் பற்றரிச் சுருள்வில்லில் படிந்திருந்த பச்சைக் களிம்பைக் கண்டதும் “கடல் பக்கமா வீடு?” என்று கேட்டார். வெள்ளவத்தை என்றேன். உப்புக் காற்று பட்ட தொடுமுனைகளில் தடை கூடி வோல்ற்றளவு கீழே போகும். எல்எம்317 போன்ற சுற்றுக்குத் தன் தேவைக்கு மேல் 2 வோல்ற்று அளவு உபரி வேண்டியிருப்பதால், பற்றரி பாதி இறங்கும் முன்னரே கதிர் மங்கத் தொடங்கும். சுருள்வில்லைச் சுரண்டித் துடைத்து, அடியில் செப்பு வயர் ஒன்றைப் பாலமாகப் பற்றவைத்துக் கொடுத்தார். அதற்குத் தனியே காசு கேட்கவில்லை.

சிறிய பொத்தான் பற்றரிகள் மூன்றில் ஓடும் மலிவுச் சிவப்புச் சுட்டிகளையும் அவர் பார்ப்பார். அவற்றில் பெரும்பாலும் ஆளிதான் பழுது. நின்றுகொண்டிருக்கும்போதே முடித்துத் தந்துவிடுவார். ஆசிரியர்கள் கொண்டுவருவது பெரும்பாலும் அவைதான்.

எல்லாவற்றையும் அவர் ஏற்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒற்றை லித்தியம் பற்றரியில் ஓடும் நீலம், ஊதாச் சுட்டிகளில் வோல்ற்றளவை உயர்த்தும் வகை ட்ரைவர் இருக்கும். முழுதாகச் சார்ஜ் ஏறிய பற்றரி 4.2 வோல்ற்றுத்தான், 405 நனோமீற்றர் டயோட் கேட்பது 5 வோல்ற்றை ஒட்டிய அளவு. அந்தப் பலகைகளில் தூண்டற் சுருளோ கொள்ளளவியோ போயிருந்தால் மாற்றித் தருவார். சிப் போயிருந்தால், அதன் மேலுள்ள எழுத்தைத் தயாரித்தவர்களே சுரண்டி அழித்திருப்பதால், கையை விரித்துவிடுவார். தெரியாத சிப்பைப் போட்டுப் பார்க்கும் வேலையை அவர் செய்வதில்லை. அதை நான் குறையாகச் சொல்லமாட்டேன்.

பச்சைச் சுட்டிகளில் இன்னும் கண்டிப்பு. பழைய வகைப் பச்சைச் சுட்டிக்குள் 808 நனோமீற்றர் டயோட் ஒன்று பளிங்கொன்றைத் தூண்டி 1064 நனோமீற்றர் கதிரை உண்டாக்க, அதை இன்னொரு பளிங்கு பாதியாக்கி 532 நனோமீற்றர் பச்சையாக்குகிறது. மாறாமல் தப்பிய செந்நிறக்கீழ்க் கதிரை மறிக்கும் வடிப்பான் மலிவுச் சுட்டிகளில் பல வேளைகளில் இருப்பதில்லை. அமெரிக்காவின் தேசிய நியமங்கள், தொழினுட்ப நிறுவகம் 2010ஆம் ஆண்டு வெளியிட்ட குறிப்பொன்றில், 10 மில்லிவாற்று என்று விற்கப்பட்ட பச்சைச் சுட்டி ஒன்றிலிருந்து ஏறக்குறைய 20 மில்லிவாற்றுச் செந்நிறக்கீழ்க் கதிர் வெளிவந்ததைக் காட்டியிருந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத கதிர் என்பதால் இமையும் மூடாது. பச்சை மங்கிவிட்டது, மின்னோட்டத்தைக் கூட்டித் தாருங்கள் என்று கேட்டு வந்த ஒருவரை அவர் படியிறக்கி அனுப்பியதைக் கண்டேன். எந்த நிறமானாலும் பாடசாலை மாணவர்கள் தனியாக வந்து வலுவைக் கூட்டக் கேட்டால் அவர் பதில் ஒன்றுதான்: வாப்பாவையோ சேரையோ கூட்டிக்கொண்டு வா.

இனிக் குறைகள். முதலாவது, பெரியது, கண் பாதுகாப்பு. சோதிக்கும்போது கதிரைப் பூசாத செங்கல் ஒன்றில் விழுத்துகிறார், அது நல்ல பழக்கம். ஆனால் அவரும் கண்ணாடி போடுவதில்லை, நிற்பவர்களுக்கும் கொடுப்பதில்லை. என்னுடைய சுட்டி 100 மில்லிவாற்றைத் தாண்டும். சர்வதேச வகைப்படுத்தலில் 5 முதல் 500 மில்லிவாற்று வரை உள்ளவை 3பீ வகுப்பு, அதன் நேர்க்கதிர் கண்ணில் விழுந்தால் இமை மூடும் முன்னரே விழித்திரை காயப்பட்டுவிடும். மேசை முழுவதும் பளபளக்கும் சாமணங்களும் தகர மூடிகளும் கிடக்கின்றன. இத்தனை கவனமாக டயோடைக் காப்பவர் கண்ணை மட்டும் விதியிடம் விட்டிருப்பது எனக்கு விளங்கவில்லை. போகிறவர்கள் தங்கள் கண்ணாடியைத் தாங்களே கொண்டுபோவது நல்லது. அதுவும் அலைநீளத்துக்கு உரியதாக இருக்க வேண்டும். செம்மஞ்சள் நிறக் கண்ணாடி நீலத்தையும் ஊதாவையும் மறிக்கும், சிவப்பை அப்படியே உள்ளே விடும். சிவப்புச் சுட்டிக்கு அதை அணிந்து நின்ற ஒருவரை அங்கே பார்த்தேன். வெறுங்கண்ணோடு நிற்பவராவது விலகி நிற்பார்.

இரண்டாவது, எழுத்தில் எதுவும் தருவதில்லை. பற்றுச்சீட்டு இல்லை, எந்த அளவுக்குச் சரிப்படுத்தப்பட்டது என்ற குறிப்பும் இல்லை. மின்னோட்டத்தை அவர் வாயால் சொல்வதை நாமே குறித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. மொறட்டுவைப் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் செயற்றிட்டத்துக்காக வந்திருந்தபோது கடதாசி கேட்டு நச்சரித்து, பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி வாங்கிப் போனார்கள். மூன்றாவது, தவணை. நாளைக்கு என்றால் நாளைக்கு அல்ல. பாகம் கையிருப்பில் இருந்தால் அன்றே முடியும். இல்லாவிட்டால் தொலைபேசியில் கேட்டுவிட்டுத்தான் ரயில் ஏற வேண்டும். குழாயின் முன்பக்கத்தைப் பசை போட்டு ஒட்டியவர்களுக்கு அவர் அதைக் கழற்றும் வேகம் பிடிக்காது; கீறல் விழும். வெளித்தோற்றத்தில் அக்கறை உள்ளவர்கள் தாங்களே கழற்றிக் கொண்டுபோகலாம்.

கூலி நியாயமானது. அளந்து பார்த்துவிட்டுத் திருத்த முடியாது என்று சொன்னால் காசு வாங்குவதில்லை. எனக்கு முடிந்த முழுச் செலவும் முதல் இடத்தில் டயோடுக்கு மட்டும் கேட்ட தொகையில் கால்வாசிக்கும் கீழே. சிலர் இதைவிடக் குறைத்துக் கேட்டுப் பேரம் பேசுகிறார்கள். அவர் சிரித்துக்கொண்டே அடுத்தவரின் பலகையைக் கையில் எடுத்துவிடுவார்.

போகிறவர்கள் ட்ரைவர் பலகையை மட்டும் கொண்டுபோகாமல் குழாய், பற்றரி, ஆளி எல்லாவற்றையும் கொண்டுபோக வேண்டும். பாதிப் பழுதுகள் பலகைக்கு வெளியே இருக்கின்றன என்பது அவருடைய அனுபவம். டயோடைக் கழற்றிக் கொண்டுபோவதானால் கால்களை இழையால் சுற்றிக்கட்டி, அலுமினியத் தாளில் பொதிந்து கொண்டுபோகலாம். சாதாரண பொலித்தீன் பையில் போட வேண்டாம். ட்ரைவரை நீங்களே செய்திருந்தால் அதன் சுற்றுப்படத்தையும் கையில் வைத்திருங்கள், அவர் கட்டாயம் கேட்பார். ஞாயிற்றுக்கிழமை பூட்டு. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பள்ளிக்குப் போய்விடுவார் என்பதால், காலையிலேயே போய்விட வேண்டும், அல்லது பின்னேரம் ஆளுக்கு இடம் விட்டுப் படியேறத் தயாராக இருக்க வேண்டும்.